கனவில் பல் உதிர்வதும் குரல் எழாததும் எதைச் சொல்கின்றன?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சில மாதங்களாக மூன்று விதமான கனவுகள் உங்களுக்கு மாறி மாறி வருகின்றன. ஒன்றில் பற்கள் பொலபொலவென்று உள்ளங்கையில் உதிர்கின்றன. இன்னொன்றில் வாய்க்குள் பிசின் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவதில் யாரையோ கூப்பிட வேண்டும், ஆனால் குரல் எழும்பவில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் பல் கனவைக் கேட்டுவிட்டு, குடும்பத்தில் ஒரு சாவு விழும் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கனவு இன்னும் அதிகமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 'இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?' என்று முடித்திருந்தாலும், அதற்குள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கெட்டது ஏதும் நடக்கப்போகிறதா? எனக்கே ஏதாவது கோளாறா? அர்த்தத்தைப் பற்றிய கேள்வி இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. நான் மருத்துவ உளவியல் படித்தவன். தூக்கம் கெட்டு வருகிறவர்களோடுதான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்ததை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: இல்லை. பல் விழும் கனவு யாருடைய சாவையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் பெரியவர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனையும் இல்லை, மிகப் பழைய நம்பிக்கை அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுகளைப் பற்றி ஐந்து பாகங்களாக எழுதிய ஆர்டெமிடோரஸ், வாயை ஒரு வீடாகவும் பற்களை அதில் குடியிருப்பவர்களாகவும் எடுத்துக்கொள்கிறார். வலப்பக்கப் பற்கள் ஆண்கள், இடப்பக்கப் பற்கள் பெண்கள். எந்தப் பல் விழுகிறதோ அந்த ஆளை இழக்க நேரும் என்பது அவர் கணக்கு. ஆனால் அதே மனிதர், கடன்பட்டவன் இந்தக் கனவைக் கண்டால் கடன் அடையும் என்றும் எழுதியிருக்கிறார். கனவு கண்டவரின் தொழில், வயது, வசதி, உடல்நிலை எல்லாவற்றையும் விசாரிக்காமல் பலன் சொல்லக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். 'பல் விழுந்தால் சாவு' என்ற ஒற்றை வரி, அந்த விசாரணையெல்லாம் போய் மிஞ்சிய எச்சம்.

யூதர்களின் பழைய சமய நூலான தால்முத்தில் பார் ஹெத்யா என்று ஒரு கனவுப் பலன்காரர் வருகிறார். அபாயே, ராவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே கனவைக் கண்டதாக அவரிடம் போகிறார்கள். காசு கொடுத்த அபாயேவுக்கு நல்ல பலன், கொடுக்காத ராவாவுக்குக் கெட்ட பலன். அதே பகுதியில், எருசலேமில் இருந்த 24 பலன்காரர்களிடம் ஒருவர் தன் கனவைச் சொல்ல, 24 பேரும் வெவ்வேறு பலன் சொன்னதாகவும், அத்தனையும் பலித்ததாகவும் ஒரு கதை வருகிறது. கனவெல்லாம் வாயின் வழியே போகும் என்ற முடிவோடு அந்தக் கதை நிற்கிறது. பலித்ததை நான் நம்பவில்லை. ஆனால் பலன் சொல்கிறவரின் வாய் கேட்கிறவர் மனசில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான். படுக்கும்போது 'இன்றைக்கு அந்தக் கனவு வரக்கூடாது' என்று நினைத்துக்கொண்டு படுக்கிறீர்கள், இல்லையா? டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தூங்கப்போகும் முன் ஒரு குறிப்பிட்ட ஆளை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களின் கனவில் அந்த ஆள் கூடுதலாக வந்தார். கனவு அதிகமானதற்கு வரப்போகிற சாவைத் தேட வேண்டியதில்லை. விரட்டி விரட்டியே அதை அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இன்னும் பொருந்துகிற காரணம்.

பலித்த கதைகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்றால், பல் விழும் கனவு உலகமெங்கும் சாதாரணமாக வருகிற கனவு. சொந்தபந்தம் விரிந்த குடும்பத்தில் ஏதாவது ஒரு சாவு சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கத்தான் செய்யும். இரண்டும் அருகருகே விழுந்தால் அது காலத்துக்கும் ஞாபகம் இருக்கும். விழாத நூறு முறைகளை யாரும் எண்ணி வைப்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு, மனசுக்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். பல் கனவோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது குழந்தைப் பருவத்தைப் பற்றி இல்லை. காலையில் எழும்போது தாடை இறுக்கமாக இருக்கிறதா, நெற்றிப்பொட்டு வலிக்கிறதா, பல் கூசுகிறதா, பக்கத்தில் படுப்பவர் ராத்திரி நறநறவென்று சத்தம் கேட்டதாகச் சொல்கிறாரா என்றுதான். இஸ்ரேலில் 210 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே தேடியது. பல் உதிரும் கனவு அடிக்கடி வருகிறவர்களுக்கு, விழிக்கும்போது பல், ஈறு, தாடையில் இறுக்கமோ உறுத்தலோ கூடுதலாக இருந்தது. மன உளைச்சலோடு அந்தக் கனவுக்குத் தொடர்பு தெரியவில்லை. இரண்டு விளக்கங்களையும் ஒருசேரச் சோதித்தது என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் மரியாதை உண்டு. ஆனாலும் அது கேள்விகள் கேட்டு எடுத்த ஆய்வு. தூங்கும்போது தாடையை அளந்து பார்த்ததில்லை. ஆகவே தாடை இறுக்கம்தான் கனவை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, வலுவான சந்தேகம் என்று சொல்லலாம்.

உடம்பில் படுவது கனவுக்குள் நுழையும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 1958லேயே டெமென்ட், வோல்பர்ட் என்ற இருவர் தூங்குகிறவர்கள்மேல் குளிர்ந்த நீரைத் தெளித்து எழுப்பிக் கேட்டபோது, ஏறத்தாழ 42 சதவீதக் கனவுகளில் தண்ணீர் ஏதாவது ஒரு வடிவில் வந்திருந்தது. கூரை ஒழுகியது, மழை பெய்தது என்கிற மாதிரி. தண்ணீர் அப்படியே தண்ணீராக வருவதில்லை, ஒரு கதைக்குள் வந்து சேர்கிறது. பிசின் கனவுக்கும் இப்படி ஒரு வழி இருக்கலாம். மூக்கடைப்பில் வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினால் நாக்கும் அண்ணமும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், எச்சில் கெட்டியாகும். என்னிடம் அந்தக் கனவைச் சொன்னவர்களில் வாய் காய்ந்து விழிக்கிறவர்கள் நிறையப் பேர். இதை ஆய்வின் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் அனுபவத்தில் பார்த்தது மட்டும்தான்.

குரல் வராத கனவுக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1953இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்மணிகள் வேகமாக அசையும் தூக்க நிலையைக் கண்டறிந்தார்கள். ரெம் தூக்கம் என்கிறோம், தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது அதில்தான். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைத் தளர்த்திப் பூட்டிவிடுகிறது. மூச்சுவிடும் உதரவிதானத்துக்கும் கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மட்டும் விலக்கு. கனவில் ஓடினால் நிஜத்தில் கால் ஓடாமல் இருப்பது இந்தப் பூட்டால்தான். சில நேரம் மனம் விழித்துக்கொண்டு பூட்டு மட்டும் திறக்காமல் இருக்கும். அமுக்குவான் அமுக்கிவிட்டது என்கிறோமே, அந்த நிலை. தூக்க முடக்கம் என்று அதற்குப் பெயர். அப்போது கத்த முயன்றால் குரல் வராது. அது கனவில் நடப்பதும் இல்லை, வாயும் தொண்டையும் உண்மையிலேயே ஒத்துழைக்கவில்லை. சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் தானாகவே விலகிவிடும். பயமுறுத்துகிற அனுபவம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாதது.

உங்களுக்கு வருவது இதுவா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. குரல் வராத அந்தக் கணத்தில் நீங்கள் இருப்பது உங்கள் அறையில், உங்கள் படுக்கையில் என்றால் பெரும்பாலும் அது தூக்க முடக்கம். வேறோர் இடத்தில், வேறு ஆட்களோடு என்றால் அது கனவு. கனவிலும் குரல் அடைப்பதற்கு இதே தசைப் பூட்டுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அதுதான் காரணம் என்றால் கனவில் யாருமே பேசக்கூடாதே? ஆனால் பெரும்பாலான கனவுகளில் நாம் தாராளமாகப் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், பாடக்கூடச் செய்கிறோம். பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத சிலரின் கனவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரையில், அவர்களும் கனவில் பேசியதாகவும் கேட்டதாகவும் சொல்லியிருந்தார்கள். ஆக, பூட்டு எப்போதும் இருக்கிறது, குரல் சில கனவுகளில் மட்டும்தான் அடைக்கிறது. அந்தச் சில கனவுகளை மற்றவற்றிலிருந்து பிரிப்பது எது என்பதற்கு உடம்பைப் பற்றிய விளக்கம் போதவில்லை.

அர்த்தம் என்ற கேள்வியை அங்கேதான் நான் தொடங்குவேன். சிக்மண்ட் ஃப்ராய்ட் பல் கனவுகளைப் பாலுணர்வோடு கோத்துவிட்டார். அதை நம்புவதற்குப் பின்னால் வந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை, தாராளமாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அவருடைய இன்னொரு கனவு நம் விஷயத்துக்கு உதவும். 1895 ஜூலை 23 இரவு அவர் கண்டது. இர்மா என்று அவர் பெயரிட்ட நோயாளியை ஜன்னலருகே கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொல்கிறார். பொய்ப்பல் கட்டிய பெண்கள் கூச்சப்படுகிற மாதிரி அவள் தயங்குகிறாள். பிறகு நன்றாகத் திறக்கிறாள், தொண்டையில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு தெரிகிறது. முந்தின நாள்தான், அந்த நோயாளி முழுக்கக் குணமாகவில்லை என்று நண்பர் ஒருவர் ஃப்ராய்டிடம் சொல்லியிருந்தார். அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. இந்தக் கனவில் வாய் அவளுடையது, கவலை அவருடையது. சிகிச்சையில் தன்மேல் பழி வருமோ என்ற கவலை. வாயின் பொருள் என்ன என்று அகராதியில் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்காது. யார் முன்னால், எந்த நாளுக்கு அடுத்த ராத்திரி என்று கேட்டால்தான் அகப்படும்.

நானும் அதைத்தான் கேட்பேன். குரல் வராத கனவு என்றால், தொண்டையை விட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஆளைப் பாருங்கள். அந்தக் கனவில் யாரைக் கூப்பிட்டீர்கள்? குரல் வந்திருந்தால் என்ன வாக்கியம் வெளியே வந்திருக்கும்? அவர் காதில் அது விழுவது உங்களுக்கு நிம்மதியா, பயமா? ஒருவருடைய விஷயத்தைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாள் முழுக்கத் தொலைபேசியில் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுகிற வேலை அவருக்கு. வாயிலிருந்து பிசின் இழுக்கும் கனவு, உங்களுடையது போலவே. இழுப்பது விரலில் ஒட்டும், உதறினால் சட்டையில் ஒட்டும், அதற்குள் வாய் மறுபடி நிறைந்துவிடும். கேட்டவுடன், பிடிக்காத வேலையைப் பேசுகிற வாய் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அது பிடித்திருந்தது, தலையாட்டினார். சரி, அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அப்பா, ஒவ்வொரு முறையும். முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தபடி. எத்தனை தடவை அந்தக் கனவைச் சொல்லியிருந்தும் அதுவரை அந்தச் செய்தித்தாளை அவர் சொன்னதே இல்லை. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை அப்பாவிடம் மறைத்திருந்தார் என்பது அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னார். கனவு நிற்கவில்லை, குறைந்தது. சொன்னதால் குறைந்ததா, அதே சமயத்தில் மூக்கடைப்புக்கு மருந்து எடுத்ததால் குறைந்ததா என்று என்னால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் அப்பாவிடம் சொன்னது அவருக்கு நல்லதாக இருந்தது, கனவு எப்படிப் போனாலும்.

ஆகவே உங்கள் கனவுக்கு இதுதான் அர்த்தம் என்று நான் இங்கிருந்து சொன்னால் நம்பாதீர்கள். விழித்திருக்கும்போது மனசை ஆக்கிரமித்திருப்பதுதான் கனவிலும் தொடர்கிறது என்பதற்குக் கால்வின் ஹால் என்ற கனவு ஆய்வாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளைப் பகுத்துச் சேர்த்த ஆதாரம் இருக்கிறது. அது ஓரளவு உறுதியான விஷயம். ஆனால் இந்தப் பல் இன்ன கவலை, இந்தப் பிசின் இன்ன ரகசியம் என்று ஒன்றுக்கொன்று கோக்கிற அட்டவணைக்கு எந்த ஆதாரமும் இல்லை. பல் போனால் தோற்றத்தைப் பற்றிய பயம், வயதாகும் பயம், சொன்ன சொல்லைக் காப்பாற்றாத குற்றவுணர்வு என்று விதவிதமாகச் சொல்வார்கள். எல்லாமே யாரோ ஒருவருக்கு உண்மையாக இருக்கலாம். உங்களுக்கு உண்மையா என்பதை உங்கள் ஞாபகம்தான் சொல்ல முடியும்.

கனவில் நீங்கள் அபாரமாக ஏதோ பேசியதாகவும், விழித்து எழுதிப் பார்த்தால் உளறலாக இருந்ததாகவும் ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் பெரும்பாலும் தன் கனவுகளிலிருந்தே இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சேர்த்து 1906இல் வெளியிட்டார். இல்லாத சொற்கள், பொருந்தாத சொற்கள், கேட்கும்போது மட்டும் ஆழமாகத் தோன்றுகிற வாக்கியங்கள். அது தூங்கும் மூளையின் இயல்பு. அதற்குள் ரகசியச் செய்தி தேட வேண்டியதில்லை.

இறந்தவர் கனவில் வந்து பேசாமல் நின்றால் கோபமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படி வருவது சாதாரணம். அந்த மௌனம் அவருடையது இல்லை, கனவை உண்டாக்குகிற மனசு உங்களுடையது. கோபம் என்று அதைப் படிக்க எந்த நியாயமும் கிடையாது.

இனி செய்ய வேண்டியது. முதலில் ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் பல் கடிக்கிறவர்களுக்குப் பற்களின் மேற்பரப்பு தேய்ந்திருக்கும், கன்னத்தின் உட்புறத்தில் கோடு விழுந்திருக்கும். பார்த்தவுடன் அவருக்குத் தெரியும். தேவைப்பட்டால் ராத்திரியில் பல்மேல் மாட்டிக்கொள்கிற நைட் கார்டு என்ற உறையைச் செய்து கொடுப்பார். அது பல்லைத் தேயாமல் காக்கும், கடிப்பதையே நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். கூடவே இரண்டு வாரத்துக்குத் தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து, விழித்தவுடன் அசையாமல் படுத்தபடியே கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் எழுதுங்கள். வாயில் என்ன உணர்வு, எதிரில் யார், என்ன சொல்ல வந்தீர்கள், முந்தின நாளில் சொல்லாமல் விழுங்கியது ஏதாவது உண்டா, இவ்வளவு போதும். பலன் எழுத வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மொத்தமாகப் படித்தால், திரும்பத் திரும்ப வருவது உங்களுக்கே கண்ணில் படும்.

பயம் அதிகமாக இருந்தால் இன்னொரு முறையும் இருக்கிறது. பகலில், தெளிவாக இருக்கும் நேரத்தில், அந்தக் கனவை எழுதி அதன் போக்கை உங்கள் விருப்பம்போல் மாற்றுங்கள். பிசின் சட்டென்று முழுதாக வந்துவிடுகிறது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறீர்கள், அல்லது குரல் வராவிட்டாலும் கையைத் தட்டுகிறீர்கள், அவர் திரும்பிப் பார்க்கிறார். என்ன மாற்றம் என்பது உங்கள் இஷ்டம். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனசில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. எல்லாருக்கும் பலிக்கிற முறை என்று சொல்லமாட்டேன், ஆனால் கனவு விஷயத்தில் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். உங்களுக்கும் பழைய வன்முறையோ விபத்தோ பின்னணியில் இருந்தால், தனியாகச் செய்யாமல் ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ துணையிருக்கச் செய்யுங்கள்.

மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போக வேண்டிய நிலைகள் வேறு. குரல் வராதது அதில் சேராது. தூக்கத்தில் நிஜமாகவே கத்துவது, கனவில் நடப்பதற்கு ஏற்பக் கைகால் வீசி அடிப்பது, கட்டிலிலிருந்து விழுவது, அதுவும் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், தூக்க மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். தசைப் பூட்டு பழுதாகிறது என்று அதற்குப் பொருளாக இருக்கலாம், அந்தக் கோளாறு 1986இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. பின்னாளில் பார்க்கின்சன் போன்ற நோய்கள் வருவதற்கு முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம். பெருங்குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். விழித்தபிறகும் நாக்குக் குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, அதைக் கனவோடு சேர்க்காதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. மனச்சோர்வுக்குத் தருகிற சில மருந்துகள் பல் கடிப்பதை உண்டாக்கலாம், கனவையும் தீவிரமாக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளிலும் சிலருக்குக் கனவுகள் கூடும். கனவுகள் தொடங்கிய மாதமும் மாத்திரை தொடங்கிய மாதமும் ஒத்துப்போனால், நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள்.